பின்ஜன்னலில் தமிழ், முன்முற்றத்தில் மலையாளம்

போன வாரம் நாகர்கோவில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் நெய்யாற்றின்கரையில் ஏறியதிலிருந்து செல்ஃபோனில் பேசிக்கொண்டே வந்தார். பேசிக்கொண்டு என்றால்... பஸ் முழுவதும் கேட்கிற மாதிரி. இந்தக் கருவி வாங்கியவர்கள் எல்லோரும் ஏன் இப்படிக் கத்துகிறார்கள்? அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா போலிருக்கிறது.

"எங்க நிக்கேனா? பஸ்ஸுல ஆக்கும். தனியாத்தான் வாறேன். வேற ஆரு கூட வருவேன்?"

பாறசாலை தாண்டியது. மாநில எல்லையில் களியக்காவிளை செக்போஸ்ட்டை நெருங்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து வசமாக ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். பதில் சொல்ல வாயைத் திறந்தார். லைன் போய்விட்டது.

முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தார். கண்டக்டரும் பார்த்தார். ஆசாமி வேண்டுமென்றேதான் கட் பண்ணிவிட்டார் என்று மொத்த பஸ்ஸும் முடிவு செய்துவிட்டது.

நான் மட்டும் அவரை நம்பினேன். "கவலைப்படாதீங்க, குழித்துறை தாண்டினதும் வீட்டுக்கு நீங்களே கூப்பிட்டுச் சொல்லிருங்க" என்றேன். அவர் என்னைச் சந்தேகமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் ஒருவரை நம்பினேன் என்பதே ஒரு செய்தி. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் சுபாவம் தெரியும். பூட்டின வீட்டைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவன் நான். பால்காரர் சிரித்தால் பாலை உற்றுப் பார்ப்பேன். 'சும்மாதான் வந்தேன்' என்று யாராவது வீட்டுக்குள் நுழைந்தால், அவர் திரும்பிப் போகிறவரை எனக்கு நிம்மதி கிடையாது. குடும்ப வியாதி. என் தங்கை புஷ்பத்துக்கு என்னைவிட முற்றின கேஸ்.

அப்படிப்பட்டவன் எப்படித் திருந்தினேன் என்கிறீர்களா? யார் சொன்னது திருந்தினேன் என்று?

புஷ்பம் எனக்கு ஒரே தங்கை. எல்லைக்குக் கேரளப் பக்கம், பாறசாலையில் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள். கணவர் துபாயில். ஒரே மகள் ஷீபா, மார்த்தாண்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். காலையில் பஸ் ஏறி மாநிலம் தாண்டிப் போவாள், மாலையில் மாநிலம் தாண்டி வருவாள். எங்கள் ஊரில் இதையெல்லாம் யாரும் பயணம் என்று சொல்வதில்லை. நல்ல மீன் வேண்டுமென்றாலே நாங்கள் எல்லை தாண்டுகிற ஆட்கள்.

ஷீபாவுக்கு எல்லைக்கு எங்கள் பக்கத்து வெள்ளறடையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பெயர் ஜாஸ்பர். ஆஸ்பத்திரிகளுக்கு மெஷின் விற்கிற கம்பெனியில் வேலை. காரக்கோணம், நெய்யாற்றின்கரை என்று பைக்கில் சுற்றுவான். கம்பெனியே கையில் ஒரு செல்ஃபோன் கொடுத்திருந்தது. சொந்தத்தில் முதல் செல்ஃபோன் மாப்பிள்ளை. எங்கள் சர்ச் சபையில் போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார்தான் இந்த இடத்தைக் கொண்டுவந்தார்.

புஷ்பத்துக்குத் தலைகால் புரியவில்லை. பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். "உபவாசம் இருந்து ஜெபிச்சு நான் வாங்கின சம்பந்தமாக்கும் இது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்டவர்களும் துடைத்துக்கொண்டார்கள். அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. காதல் கல்யாணம் என்றால் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள். அடுத்த தெருவில் ஒரு பெண் தானாக மாப்பிள்ளை பார்த்துக்கொண்டதற்கு, கல்யாண விருந்துக்கும் போகவில்லை, அந்தக் குடும்பத்தோடு இன்றுவரை பேச்சும் இல்லை.

எங்கள் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் போதகர் இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று அறிவிப்பு வாசிப்பார். ஓலை வாசிப்பது என்று அதற்குப் பழைய பெயர். வாசித்துவிட்டு, தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் தெரிவிக்கலாம் என்பார். பிறகு ஒரு நிமிஷம் சும்மா நிற்பார். எனக்குத் தெரிந்து யாரும் எழுந்ததில்லை. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் பெண்வீட்டார் மூச்சு விடுவதும் இல்லை.

முதல் ஓலை நன்றாக வாசிக்கப்பட்டது. அதற்கு அடுத்த நாள் களியக்காவிளைச் சந்தையில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கும் தேவதாஸ் புஷ்பத்தின் வீட்டுக்கு வந்தார். சும்மாதான் வந்தேன் என்றார். நானும் அங்கே இருந்தேன். எனக்கு அப்போதே தெரியும், இது சும்மா இல்லை.

"வெள்ளறடை செறுக்கன்தானே ஷீபாவுக்கு? நல்ல குடும்பம், அவனுக்க அப்பன எனக்கு அறியாம்" என்று ஆரம்பித்தார். பிறகு குரலை இறக்கினார். "அவன மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டுல ஒரு பெண்ணுட்ட பேசிட்டு நிக்கத நான் ரெண்டு மூணு மட்டம் கண்டேன்."

"எப்படிப்பட்ட பெண்ணு?" என்றாள் புஷ்பம்.

"முதுகுதான் கண்டேன். பொய் சொல்லப்பிடாதில்லியா?"

முதுகு போதாதா? அன்று மாலையே புஷ்பம் ஜாஸ்பருக்கு ஃபோன் போட்டாள். நலம் விசாரித்தாள். இடையில் ஊசி ஏற்றுவது போல, "மார்த்தாண்டம் பக்கமெல்லாம் வாறதுண்டா மக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல மாமி. எனக்க ஏரியா கேரளா மட்டும்தான். அங்கோட்டு போறதே இல்ல" என்றான் ஜாஸ்பர்.

ஒன்று தேவதாஸ் பொய் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஜாஸ்பர் பொய் சொல்ல வேண்டும். கருப்பட்டிக்காரர் பொய் சொல்ல என்ன இருக்கிறது? எங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. சாட்சிதான் வேண்டும்.

சாட்சியைப் புஷ்பமே கண்டுபிடித்தாள். எங்கள் ஊர் ஆட்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய கண்டுபிடிப்பு அது. செல்ஃபோன் கிடைக்காவிட்டால் ஒரு பெண் குரல் வந்து, ஆள் தொடர்பில் இல்லை என்று சொல்லுமல்லவா? ஃபோன் கேரளத்து டவரில் இருந்தால் அந்தக் குரல் மலையாளம் பேசும். தமிழ்நாட்டு டவருக்குப் போய்விட்டால் தமிழ் பேசும். இதை யாரோ சபையில் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். வேறு ஊர்க்காரி என்றால் கேட்டுவிட்டுப் போயிருப்பாள். இவளுக்கு இரண்டு மொழியும் ஒன்றுபோல் தெரியும், இரண்டு மாநிலமும் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. பிறகென்ன, குரலைக் கேட்டே ஆள் எங்கே நிற்கிறான் என்று சொல்லிவிடலாமே?

அரிசி உலையில் கிடக்கும்போது ஒரு தடவை டயல் பண்ணுவாள். துணி காயப்போட்டுவிட்டு ஒரு தடவை. மணி அடித்து அவன் 'ஹலோ' என்றால் வைத்துவிடுவாள். குரல் வந்தால் கேட்பாள்.

"அண்ணே, காலத்த 'பரிதிக்குப் புறத்தாணு'ண்ணு மலையாளத்துல சொல்லிச்சு. உச்சைக்கு தமிழு. வைகிட்டு மறுபடியும் மலையாளம்" என்று என்னிடம் கணக்கு ஒப்பித்தாள். "உச்சைக்கு மட்டும் அங்கோட்டு போயிட்டு வாறான். ஆருக்க வீட்டுல சோறு தின்னுதானோ."

இதில் எனக்கு எந்த ஓட்டையும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், என் தங்கையை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. அந்த வாரம் வியாழக்கிழமை என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவனைக் கூப்பிட்டாள். ரிசீவரை இருவரும் காதோடு காது வைத்துப் பங்கு போட்டுக்கொண்டோம். மணி அடித்தது, எடுத்தான்.

"எங்க நிக்குத மக்கா?"

"வீட்டுல ஆக்கும் மாமி. மாடியில நிக்கேன். இப்ப கீழ எறங்கணும், காரக்கோணம் போவ நேரமாச்சு."

"ஆங்... நான் ஒண்ணு கேக்கட்டா? மார்த்தாண்டத்துல ஒனக்கு ஆராவது—"

லைன் அறுந்தது.

மறுபடி டயல் பண்ணினாள். இந்தத் தடவை குரல் வந்தது. சுத்தமான, மரியாதையான தமிழ். நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு கொள்ள முடியாத இடத்தில் உள்ளார். மீண்டும் முயற்சிக்கவும்.

புஷ்பம் ரிசீவரை மெதுவாக வைத்தாள். "கேட்டியளா? வீட்டுல நிக்கானாம். வெள்ளறடையில எந்த வீட்டுலண்ணே தமிழ்நாட்டு டவரு?"

கேள்வி வந்ததும் கட் பண்ணியிருக்கிறான். வீட்டில் இருப்பதாகச் சொன்னவன் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். இதற்குமேல் என்ன வேண்டும்?

அறை வாசலில் ஷீபா நின்றுகொண்டிருந்தாள். "அம்மா, ஆளு வீட்டுலதான் இருப்பாவ" என்றாள்.

"ஒனக்கெப்படி தெரியும்?"

அவள் உள்ளே போய்விட்டாள். கல்யாணக் கனவில் இருக்கிற பெண், அப்படித்தான் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டேன். உலகத்தில் உள்ள எல்லாரையும் சந்தேகப்படுகிற எனக்கு, அந்த ஒரு வாக்கியத்தைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

"ஞாயிறாச்ச மூணாம் ஓலை வாசிக்கும்பம் நான் எழும்பி நிப்பேன்" என்றாள் புஷ்பம். அவள் சொன்னால் செய்வாள். எழுந்து நின்றால் என்ன ஆகும்? இந்தக் கல்யாணம் நிற்கும். அதோடு போகுமா? பெற்ற தாயே சபை நடுவில் எழுந்து தடுத்த பெண் என்று ஷீபாவின் பெயர் ஆகிவிடும். பாறசாலை முதல் அம்பூரி வரை எந்த உபதேசியாரும் அதற்குப் பிறகு அந்த வாசலில் செருப்பைக் கழற்றமாட்டார்.

"ஒரு நாள் பொறு. நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வாறேன்" என்றேன்.

சனிக்கிழமை காலை வெள்ளறடைக்குப் பஸ் ஏறினேன். சொல்லாமல் கொள்ளாமல் போவதுதான் விசாரணைக்கு அழகு. பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்து, ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஏறி ஏறி, இனி ஏற முடியாது என்று ஆட்டோக்காரர் நிறுத்திய இடத்தில் ஜாஸ்பரின் வீடு. சரிவில் கட்டிய மாடி வீடு.

ஜாஸ்பர் வீட்டில்தான் இருந்தான். ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டான். "வாங்க மாமா, சொல்லியிருந்தா பைக்குல வந்து கூட்டிட்டு வந்திருப்பேனே" என்றான். மரியாதை கூடினால் எனக்குச் சந்தேகமும் கூடும். இவனுக்கு ரொம்பவே மரியாதை.

அவன் அம்மா மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்து வைத்தார். நான் முதல் வாய் எடுத்து வைப்பதற்குள் எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"நானே ஒங்க வீட்டுக்கு ஆளு விடணும்ணு இருந்தேன். ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கப்பிடாது. இவனுக்க போனுக்கு ஒங்க பாறசால நம்பர்லேர்ந்து எந்நேரமும் மணி அடிக்குது. எடுத்தா ஆரும் பேசமாட்டாவ, வச்சிருதாவ. பெண்ணு விருப்பமில்லாம சம்மதிச்சுதா? வேற ஆராவது செறுக்கன் அந்த வீட்டுல வந்து போவுதானா?"

மீன்முள் தொண்டையில் சிக்கியது. விசாரிக்க வந்தவனை உட்கார வைத்து விசாரிக்கிறார்கள். என் தங்கை வேவு பார்க்கக் கூப்பிட்டது இங்கே ஷீபாவின் கணக்கில் ஏறியிருக்கிறது.

"லைன் கோளாறாயிருக்கும்" என்றேன். அவர் நம்பவில்லை என்பது அடுத்த தடவை மீன்கறி ஊற்றிய விதத்திலேயே தெரிந்தது.

கை கழுவிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தேன். "தம்பி, வியாழக்கிழமை புஷ்பம் பேசிட்டு இருக்கும்போ லைன் அறுந்து போச்சே. வீட்டுலதான் இருந்தியா?"

"அது இந்த வீட்டுக்க கொணம் மாமா. வாங்க, காட்டித் தாறேன்."

முன்முற்றத்துக்குக் கூட்டிப் போனான். செல்ஃபோனின் சின்னத் திரையில் கேரளத்துக் கம்பெனியின் பெயர். வீட்டுக்குள் வந்தோம். பெயர் மறைந்துவிட்டது. சரிவு மறைப்பதால் கீழ்த்தளத்தில் ரேஞ்ச் இல்லை என்றான். படியேறி மாடிக்குப் போய்ப் பின்பக்க ஜன்னல் அருகே நின்றோம். கொஞ்ச நேரம் தேடிவிட்டு, திரையில் வேறொரு பெயர் வந்தது. தமிழ்நாட்டுக் கம்பெனி.

ஜன்னலுக்கு வெளியே ரப்பர் தோட்டம் சரிந்து இறங்கி, எதிரில் இன்னொரு மேடு ஏறியது. "அந்த மேடு தமிழ்நாடாக்கும். அதுக்கு அப்பறம் அவங்க டவரு" என்றான் ஜாஸ்பர். "ஒரே கம்பெனிக்க ரெண்டு டவருண்ணா பேச்சு அறாம ஒண்ணு மத்ததுக்குக் கைமாத்திக் குடுக்கும். வேற கம்பெனிண்ணா குடுக்காது, வாங்கவும் செய்யாது. இங்கேர்ந்து பேசிட்டே கீழ எறங்கினா படியில வச்சு கட்டாவும்."

எங்கள் பக்கம் கைக்குழந்தையை வீட்டுப் பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி வாங்குவார்கள், குழந்தை தூக்கம்கூடக் கலையாது. வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரி கை நீட்டமாட்டாள். செல்ஃபோன் பேச்சும் அப்படித்தான் போலிருக்கிறது.

"அப்ப தமிழ்க் குரலு?"

"மாடியில வச்சு தமிழ்நாட்டு டவருல சேந்துட்டு, கீழ எறங்கினா ரேஞ்சே இல்லல்லா. கடைசியா சேந்த எடத்துலேர்ந்துதான் அந்தக் குரல் வரும். நான் கீழ சோறு தின்னுட்டு இருப்பேன், அவ தமிழ்ல சொல்லிட்டு இருப்பா."

மத்தியானச் சோறு சொந்த வீட்டில்தான். புஷ்பத்தின் கண்டுபிடிப்பு தலைகீழாக விழுந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. சுலபமாக நம்பிவிடலாமா?

"நானே நடந்து பாக்கணும் தம்பி" என்றேன். அவன் சிரித்தபடி ஃபோனை என் கையில் கொடுத்தான். "பாருங்க மாமா, நான் முன்ன போய் பைக்கத் தொடைச்சு வைக்கேன். பஸ் ஸ்டாப்புல விட்டுத் தாறேன்" என்று கீழே இறங்கிப் போனான்.

ஜன்னல் ஓரத்தில் தமிழ்நாட்டுப் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஃபோன் அடித்தது.

கீழே கூப்பிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். நான் பச்சைப் பட்டனை அமுக்கிக் காதில் வைத்து "ம்" என்றேன்.

"மாடியிலதானே? ஜன்னல விட்டு அசையாதீங்க, கட்டாயிரும்" என்றது ஒரு பெண் குரல்.

ரெக்கார்டு செய்த குரல் இல்லை. பின்னால் பஸ் ஹாரன், "திருவட்டாறு திருவட்டாறு" என்று யாரோ ஏலம் போடுகிற சத்தம். மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டு, எஸ்டிடி பூத். அந்தக் குரலைப் பிறந்த நாள் முதல் எனக்குத் தெரியும்.

"ம்" என்றேன் மறுபடி.

"எங்க மாமா காலத்த வெள்ளறட பஸ்ஸுல ஏறியாச்சு. இப்ப அங்க எத்தும். ஆளு பாத்தா பாவம்போல இருக்கும், நம்பிராதீங்க. சோறு தின்னுட்டு இருக்கும்பமே எடையில கேள்வி கேக்கும்."

"ம்."

"மார்த்தாண்டம் கத மட்டும் வாயிலேர்ந்து வரப்பிடாது. கருப்பட்டிக்காரரு கண்டது எனக்க முதுகாக்கும்ணு அம்மைக்குத் தெரிஞ்சா தீந்துது. உபதேசியார எங்க வீட்டுக்கு சம்பந்தம் பேச விட்டது நீங்கதாண்ணு தெரிஞ்சா அதவிட. ஜெபிச்சு வாங்கினதுண்ணு சபை முழுக்க சாட்சி சொல்லிட்டு நிக்கா பாவம்." குரல் கொஞ்சம் தடுமாறியது. "நாளைக்கு ஒரு ஓலை வாசிச்சுட்டா மதி. இவ்வளவு காலம் காத்து நின்னது வெறுதே ஆயிரப்பிடாது. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. கேக்குதா?"

கால் தன்பாட்டில் நடந்தது. ஜன்னலை விட்டு நகர்ந்து படியில் இறங்கினேன். குரல் இரண்டு மூன்று துண்டாக உடைந்தது. நடுப்படியில் ஒன்றுமே இல்லை. முற்றத்துக்கு வந்தபோது திரையில் கேரளத்துப் பெயர் வந்து சாதுவாக உட்கார்ந்திருந்தது.

கோபம் வந்தது, உண்மைதான். நான் தூக்கி வளர்த்த பெண், என்னை 'நம்பிராதீங்க' என்கிறாள். அதோடு, சந்தேகப்பட்டது சரிதான், மார்த்தாண்டத்தில் ஒரு பெண் இருக்கத்தான் செய்கிறாள் என்ற அற்ப திருப்தியும் வந்தது. இரண்டும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டன. அந்தக் குரலில் இருந்த பயம் மட்டும் அடங்கவில்லை. அவள் எங்களுக்குப் பயந்து தூங்காமல் இருந்திருக்கிறாள். தேவதாஸைக் கேட்டோம், டவரைக் கேட்டோம், ரெக்கார்டு குரலைக் கேட்டோம். வீட்டுக்குள் இருந்த பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?

"யாரு மாமா விளிச்சது?" என்றான் ஜாஸ்பர், பைக்கைத் துடைத்துக்கொண்டே.

"ராங் நம்பர்" என்றேன்.

பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டான். பஸ் வந்து, படியில் ஏறிய பிறகுதான் திரும்பிச் சொன்னேன். "தம்பி, ஜன்னல விட்டு அசைஞ்சது நானாக்கும். நீ கட் பண்ணல்லேண்ணு அவகிட்ட சொல்லிரு."

பஸ் வளைவு திரும்புகிறவரை அவன் பைக்கை ஸ்டார்ட் பண்ணவே இல்லை.

வீட்டில் புஷ்பம் காத்திருந்தாள். ஷீபாவும் வேலையிலிருந்து வந்திருந்தாள். அவள் எனக்குப் போட்டுத் தந்த டீயில் சர்க்கரை இரண்டு மடங்கு இருந்தது. முகத்தைப் பார்க்காமல் டம்ளரை நீட்டினாள். ஜாஸ்பர் சொல்லிவிட்டான் என்று தெரிந்தது.

ஜன்னல், படி, முற்றம், இரண்டு கம்பெனி எல்லாவற்றையும் புஷ்பத்துக்கு விளக்கினேன். நானே நடந்து பார்த்தேன் என்றேன். அவள் இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"சரி, டவரு தாவுது. பஸ் ஸ்டாண்டுல பெண்ணுட்ட பேசிட்டு நின்னானே, அது எந்த டவரு?"

இந்தக் கேள்வி வரும் என்று பஸ்ஸிலேயே தெரியும். பொய் சொல்லக்கூடாது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

"அதையும் விசாரிச்சாச்சு. அந்தப் பெண்ண எனக்குத் தெரியும். நல்ல குடும்பம், நம்ம சபைக்காருதான். அங்க கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்குது. கல்யாணம் நிச்சயமாயாச்சு. நமக்கு அதனால ஒரு பயமும் வேண்டாம்."

ஒரு வார்த்தை பொய் இருக்கிறதா பாருங்கள்.

ஷீபா மெதுவாக அடுக்களைப் பக்கம் நகர்ந்தாள்.

"நம்ம சபைக்காரியா? நம்ம ஷீபா மாதிரி கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கவளா?" புஷ்பத்தின் கண் சுருங்கியது. "கல்யாணம் நிச்சயம் பண்ணின பெண்ணு பஸ் ஸ்டாண்டுல நிண்ணு அடுத்தவளுக்க மாப்பிளைட்ட பேசுதா? அவளுக்க அம்மை என்ன, கண்ண மூடிட்டு இருக்காளா? பெண்ண வளத்த லெச்சணத்தப் பாரு. ஆருண்ணே அவளுக்க அம்மை?"

"பேரு சொல்லமாட்டேண்ணு வாக்கு குடுத்துட்டு வந்திருக்கேன்" என்றேன். புஷ்பத்திடம் அன்றைக்கு நான் சொன்ன ஒரே பொய் அதுதான். டீ முழுவதையும் குடித்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் ஆராதனை. மூன்றாம் ஓலை. போதகர் வாசித்து முடித்து, தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் தெரிவிக்கலாம் என்றார். சும்மா நின்றார். பெண்கள் பக்கத்தில் புஷ்பம் என்னையே பார்த்தாள். பக்கத்தில் ஷீபா பாட்டுப் புத்தகத்தை மூடியபடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தொண்டையில் ஒரு கரகரப்பு. மீன்முள் இன்னும் இருந்ததோ என்னவோ... அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. இருமிவிட்டேன்.

சபை மொத்தமும் திரும்பியது. போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "சொல்லுங்க" என்றார்.

"ஒண்ணும் இல்ல ஐயா, இருமலாக்கும்" என்றேன். ஷீபா கையிலிருந்த பாட்டுப் புத்தகம் கீழே விழுந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டு அம்மாவுக்கு அந்தப் பேசாத ஃபோன்கள் மேல் இன்னும் சந்தேகம் உண்டு. விருந்தில் எனக்கு மீன் பரிமாற வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஏன் என்று தெரியவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டு ஃபோன் மட்டும் இருந்த காலத்தில் 'சௌக்கியமா' என்று பேச்சை ஆரம்பித்தோம். செல்ஃபோன் வந்த பிறகு முதல் கேள்வியே 'எங்க நிக்க?' என்று ஆகிவிட்டது. பதிலை நம்புவோமா? மாட்டோம். எதற்குக் கேட்கிறோம் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அந்த பஸ்காரர் வீடு போய்ச் சேர்ந்து என்ன பாடுபட்டாரோ.

இதை எழுதலாமா என்று ஷீபாவிடம் கேட்டேன். "எழுதுங்க மாமா, இனி எனக்கு என்ன பயம்?" என்றாள். இந்தத் தடவை அவளிடம் முதலில் கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

புஷ்பம் என் எழுத்தைப் படிப்பதில்லை. "ஒங்க எழுத்த ஆரு படிக்கா?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்பாள். ஆனால் நான் எழுதிய விஷயம் எல்லாம் எப்படியோ அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு ரொம்ப நாளாகவே அதில் ஒரு சந்தேகம் உண்டு. எதற்கும் இருக்கட்டும் என்று இந்த வாரம் அவள் வீட்டுக்குப் பத்திரிகை போடவேண்டாம் என்று ஏஜெண்டிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பத்திரிகை வரவில்லை என்றதுமே அவள் கடையில் போய் வாங்கியிருப்பாள். என் தங்கையல்லவா.

புஷ்பம், அந்தப் பெண்ணுக்க அம்மை ஆருண்ணு கேட்டியே... நீதான் மக்கா.